யார் தலையில் விழுகிறது மரம்?

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் நம் நகரங்களில் ஓர் அவசரம் தொற்றிக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் நிழல் தந்த மரத்தை அண்ணாந்து பார்த்து, 'இது வீட்டின்மீது சாய்ந்துவிடுமோ' என்று அஞ்சத் தொடங்குகிறோம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் வந்த கஜா புயல், காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளை நாசமாக்கியது. எனவே, ஆபத்தான மரத்தை முன்கூட்டியே அகற்ற நினைப்பதில் தவறில்லை. அதை யாரைக் கொண்டு அகற்றுகிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது.

வர்தாவுக்குப் பின் அந்தத் தவறை நானும் செய்தேன். வேர்ப்பிடிப்பு தளர்ந்து என் வீட்டு மொட்டைமாடியை நோக்கிச் சாய்ந்து நின்ற தூங்குமூஞ்சி மரத்தை அகற்ற இருவரிடம் விலை கேட்டேன். கிரேனும் கயிறுகளும் ஐந்து ஆட்களும் கொண்டுவருவதாகச் சொன்னவர் 22,000 ரூபாய் கேட்டார். வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலை செய்துவந்த இளைஞர் ஒருவர், தம் தம்பியையும் அழைத்துவந்து 7,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். முப்பதாண்டுகள் பொருளியல் கற்பித்த நான் இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தேன்.

அவர் அறுத்த இரண்டாவது கிளை, எதிர்பாராத பக்கம் சுழன்று, அவர் நின்றிருந்த ஏணியைத் தட்டிவிட்டது. இரு குதிகால் எலும்புகளும் நொறுங்கின. உயிர் பிழைத்தார். ஆனால், ஏணியில் ஏறிப் பிழைத்த குடும்பத்துக்கு எட்டு மாதங்கள் வருமானம் இல்லை. மருத்துவச் செலவை நான் ஏற்றேன். அந்த எட்டு மாதங்களுக்கு யார் பொறுப்பு என்று அவருடைய மனைவி என்னிடம் கேட்கவே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

உடல் வலிமையும் துணிச்சலும் இருந்தால் மரத்தை அகற்றிவிடலாம் என்பது பொதுவான எண்ணம். முப்பது சென்டிமீட்டர் தடிமனும் நான்கு மீட்டர் நீளமும் கொண்ட பச்சைக் கிளையின் எடை ஏறத்தாழ கால் டன். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். கிளையின் அடிப்புறத்தில் முதலில் சிறிது வெட்டிவிடாமல் மேலிருந்தே அறுத்தால், அது பட்டையோடு கிழிந்து அறுப்பவரின் மீதே திரும்பும். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்கம்பியை உரசும் கிளை உயிரையே பறிக்கும். மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் அங்கே கை வைக்கக் கூடாது. இவையெல்லாம் பயிற்சியால் வரும் அறிவு.

அன்று மிச்சமான 15,000 ரூபாயை எனக்குக் கிடைத்த தள்ளுபடி என்று எண்ணினேன். உண்மையில், நான் ஏற்கவேண்டிய இடரை வேறொருவரின் எலும்புகள்மீது ஏற்றிவைத்ததற்கு எனக்குக் கிடைத்த தொகை அது. வேலை கடுமையானதாக இருந்தால் கூலியும் உயரும் என்று 1776இலேயே ஆடம் ஸ்மித் எழுதினார். பின்வந்தவர்கள் அந்தக் கணக்கில் ஆபத்தையும் சேர்த்தனர். ஆனால், வேலையை மறுக்கும் வசதி உள்ளவருக்கே இந்தக் கணக்கு பொருந்தும். நாளைய அரிசிக்கு இன்றைய கூலியை நம்பியிருப்பவர் ஆபத்துக்குத் தனி விலை கேட்பதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தரத்தை வாங்குபவரால் இனங்காண முடியாத சந்தையில், மலிவானது நல்லதை விரட்டிவிடும் என்று 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கினார். காப்பீட்டுக்கும் கருவிகளுக்கும் செலவிடுபவரிடம் யாரும் வேலை தராவிட்டால், அவரும் ஒருநாள் அச்செலவை நிறுத்திவிடுவார்.

விபத்துக்குப் பின் சட்டம் காக்கும் என்று நம்பிவிடவும் இயலாது. இழப்பீட்டுச் சட்டங்கள் முதலாளி–தொழிலாளி உறவை அடித்தளமாகக் கொண்டவை. அரைநாள் வேலைக்கு வாய்ப்பேச்சில் அழைத்துவந்தவருக்கு முதலாளி யார் என்பதே முதல் வழக்காகிவிடும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருக ரக்ஷா' காப்பீடு, வீட்டையும் வீட்டுப் பொருள்களையும் காப்பதற்கானது. மரத்தில் ஏறியவரின் எலும்புக்கு அது பொறுப்பேற்காது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்தில் இறப்போருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கும் இழப்பீடு உண்டு. ஆனால், ஆறக்கூடிய எலும்பு முறிவுக்கும் இழந்த கூலிக்கும் அதில் இடமில்லை.

அப்படியானால் இந்த இளைஞர்களின் பிழைப்பைப் பறிப்பதா என்று கேட்கலாம். பறிக்க வேண்டியதில்லை, பயிற்றுவித்தால் போதும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டம், இளைஞர்களுக்குக் கருவியின் துணையோடு மரமேறும் பயிற்சியும் விபத்துக் காப்பீடும் தந்தது. தென்னைக்கு முடிந்தது தெருமரத்துக்கும் முடியும். மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இத்தகைய பயிற்சியை அளித்து, மருத்துவச் செலவையும் கூலி இழப்பையும் ஈடுசெய்யும் காப்பீட்டோடு, வார்டுவாரியாகப் பயிற்சி பெற்றோர் பட்டியலை வெளியிட வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்கள் ஆகஸ்டிலேயே தெருவின் மரங்களைப் பார்வையிட்டால், ஒரே நாளில் ஒரே கிரேனைக் கொண்டு பணியை முடித்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கிளைகளைக் கழித்தாலே போதுமான மரங்களும் தப்பிக்கும். தனியாக ஆள் அழைப்பவர்கள் மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும்: இதற்குமுன் எங்கே இவ்வேலையைச் செய்தீர்கள்? கயிறும் இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் உள்ளனவா? உங்கள் அனைவருக்கும் காப்பீடு உண்டா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், அந்தக் குறைந்த கூலியை மலிவு என்று சொல்லக் கூடாது.

மழைக்கு முன் மரத்தை அண்ணாந்து பார்க்கும் நாம், அதில் ஏறப்போகிறவரின் முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். நான் அன்று விலையை மட்டுமே பார்த்தேன்.