ஒத்திகையும் உண்மையும்

யுத்தத்தில் உயிர்கள் மடியுமுன் அதனை மேஜைமீது ஆடிப் பார்ப்பது, பிரஷ்யச் சேனை 1824 முதல் கைக்கொண்ட முறை. தன் பிழையை எதிராளி வாயிலாக அறிந்து திருந்துவதே அதன் பிரயோஜனம்.

2002-ஆம் வருஷத்தில் அமெரிக்க சர்க்கார் சுமார் 25 கோடி டாலர் செலவிட்டு இத்தகைய ஒத்திகையொன்றை நடத்தினர். எதிர்ப்படைக்குத் தலைமை வகித்த பால் வான் ரைப்பர் என்னும் ஓய்வுபெற்ற தளகர்த்தர், ரேடியோவை விடுத்து மோட்டார் சைக்கிள் தூதர் மூலம் உத்தரவனுப்பித் திடீரெனத் தாக்கி, கணக்கில் 16 கப்பல்களை மூழ்கடித்தார். நடத்தியோரோ அக்கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டு, அவர் கைகளை விதிகளால் கட்டினர். எஞ்சிய பரிசோதனைகளை முடிக்கவே அவ்வாறு செய்ததாகச் சமாதானங் கூறினர். ரைப்பர் தலைமையினின்று விலகினார். சர்க்கார் பக்கமே ஜெயித்ததாக முடிவாயிற்று.

மறு வருஷம் அச்சேனை இராக்கில் பிரவேசித்தது. பாக்தாத் மூன்றே வாரங்களில் வீழ்ந்தது. ஆயினும் அங்கே எதிர்த்து நின்றவர்கள் எவர் விதிக்கும் கட்டுப்படவில்லை. 2011 இறுதிவரை சேனை மீளவில்லை.

விடையை முன்னரே நிச்சயித்துக்கொண்டு நடத்துவது பரிசோதனையன்று, முகஸ்துதியே. கலாசாலையாயினும், மந்திராலோசனை சபையாயினும், தேசத்தொண்டர் கூட்டமாயினும், நமக்கு மாறாக வாதாடுவோனுக்கு முழுச் சுதந்திரம் அளிப்போமாக. ஒத்திகையில் அவன் நம்மைத் தோற்கடித்தால் நமக்கு இலாபமே. மெய்ப்போரில் தோற்பதற்கு விலை உயிரன்றோ?