விளக்கை அணைப்பது யார்?

டிசம்பர் 14-ம் தேதி தேசிய எரிசக்தி சேமிப்பு தினம். அதையொட்டி அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை வருவதும், அது அறிவிப்புப் பலகையில் தொங்குவதும், அந்தப் பலகைக்கு மேலேயே பட்டப்பகலில் குழல்விளக்கு எரிவதும் வழக்கமாகிவிட்டன. பெங்களூரில் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பணியாற்றும் நம் வாசகர்கள் அன்றாடம் காணும் காட்சிதான் இது.

ஊழியர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அதை ஏற்பதற்கில்லை. வீட்டில் வீணாக விளக்கு எரிந்தால் எழுந்துபோய் அணைக்கிறவர்தான் அலுவலகத்தில் பேசாமல் இருக்கிறார். வீட்டு பில் அவர் கைக்கு வருகிறது. அலுவலக பில்லைக் கணக்குப் பிரிவில் ஓரிருவரைத் தவிர எவரும் பார்ப்பதில்லை. போதாததற்கு, பல பழைய கட்டடங்களில் ஒரு சுவிட்சைப் போட்டால் பத்து விளக்குகள் எரிகின்றன. மாலை ஆறு மணிக்குமேல் கோப்போடு தனியே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா, கூடம் முழுவதற்கும் வெளிச்சம் போட்டுத்தான் ஆகவேண்டும். பழைய குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து ஏறத்தாழ 50 வாட் இழுக்கும். பத்து விளக்கு, இரண்டு மணி நேரம்: ஒரு யூனிட் போயிற்று. வெள்ளிக்கிழமை மாலை அணைக்க மறந்த 75 வாட் மின்விசிறி, திங்கள் காலைக்குள் நாலரை யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும்.

இவை சில்லறைச் செலவு. பெரிய செலவு அதிகாரிகளின் அறையில் இருக்கிறது. ஏர்கண்டிஷனரை 24 டிகிரியில் வைக்குமாறு மத்திய மின்துறை அமைச்சகம் 2018-லேயே யோசனை கூறியது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது, நட்சத்திரக் குறி வழங்கும் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. ஆனால் ஐயா கூட்டத்துக்குப் போயிருப்பார். அறை 18 டிகிரியில் அவருக்காகக் காத்திருக்கும். அதை நிறுத்தும் துணிச்சல் கடைநிலை ஊழியருக்கு எப்படி வரும்? பெங்களூரின் மார்கழிக் குளிரில் ஏர்கண்டிஷனர் எதற்கு என்பது வேறு கேள்வி.

இப்படி வீணாவது சும்மா கிடைத்த மின்சாரமல்ல. காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902-ல் எடுத்த மின்சாரம் முதலில் போனது, தமிழர்கள் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கவயலுக்கு. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்ததே 1905-ல்தான். இன்றும் நீர்மின்சாரத்துக்கு மழையைத்தான் நம்பவேண்டும். 2023-ல் பருவமழை பொய்த்தபோது, பம்புசெட்டுக்கு மின்சாரம் கேட்டுக் கர்நாடக விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள்.

ஆகவே சுற்றறிக்கையின் முதல் பிரதி அதிகாரிகளின் மேஜைக்குப் போகட்டும். மாடிதோறும் தனி மீட்டர் வைத்து, மாதம் எத்தனை யூனிட் ஆயிற்று என்பதை அதே பலகையில் எழுதிப் போடவேண்டும். சுவிட்சுகளைப் பிரித்துப் போடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆளில்லாத அறை எவருடையதானாலும் அங்கே ஏர்கண்டிஷனரை நிறுத்தக் கடைநிலை ஊழியருக்கு எழுத்து மூலம் அதிகாரம் தரவேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை ஊழியர்களின் குடிநீர், கழிப்பறை வசதிகளுக்கு ஒதுக்குமாறு சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம்.