எங்கள் கத்தரியைப் பிரம்பாக்காதீர்கள்

யாருக்கு முடி வெட்டலாம், யாருக்கு வெட்டக்கூடாது, எப்படி வெட்டலாம் என்று எங்களுக்கு உத்தரவு போட இன்னும் எத்தனை பேர்தான் வரப்போகிறீர்கள்?

என் அப்பா ஊரில் தொழில் பார்த்த காலத்தில் அந்த உத்தரவு பெரிய தெருவிலிருந்து வந்தது. சேரிக்காரனுக்கு வெட்டிய கத்தரி எங்கள் தலையில் படக்கூடாது என்றார்கள். மீறினால் களத்து நெல் கிடையாது. ஒரு நாள் அப்பா மீறினார். அதன்பின் ஊரில் இருக்க முடியவில்லை. சென்னைக்கு வந்தோம். இங்கே யார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் துணியைப் போர்த்தி வெட்டலாம் என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிம்மதியில் இப்போது மண் விழுந்திருக்கிறது.

கண்ணகி நகரில் கடை வைத்திருக்கிறேன். கூவம் கரையிலும் சாலையோரங்களிலும் குடியிருந்தவர்களை 2000-லிருந்து அள்ளிக்கொண்டு வந்து குடியேற்றிய இடம். முகவரியைச் சொன்னால் வேலை தரமாட்டார்கள் என்பதால் துரைப்பாக்கம் என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைத்தான் 'புள்ளிங்கோ' என்று சிரிக்கிறீர்கள். கேட்டரிங்கில் பாத்திரம் தூக்கி, கல்யாண மேடைக்குக் கம்பி கட்டி, பெயின்ட் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் தலைக்கு நீலம் அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்காமலே உலகம் கொடுத்தவைதான் அவர்களிடம் நிறைய இருக்கின்றன: முகவரி, நிறம், சாதி. தாங்களாக விரும்பித் தேர்ந்தெடுத்தது அந்த முடி ஒன்றுதான்.

அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்று உங்களுக்குத் தெரியுமா? காதோரம் ஜீரோவில் மெஷினை வைத்து, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று நம்பர் மாற்றி மேலே ஏற வேண்டும். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடையில் கோடு தெரிந்தால் வேலை போச்சு. கலர் அதைவிடக் கஷ்டம். நம் கருமுடியில் நீலமும் பச்சையும் நேராக ஏறாது. முதலில் உள்ளிருக்கும் கருப்பைக் கழற்ற வேண்டும். பிளீச் பவுடரை டெவலப்பரில் குழைத்துப் பூசினால் முடி சிவந்து, பிறகு ஆரஞ்சாகி, கடைசியில் மஞ்சளாகும். வாழைப்பழத் தோலின் உள்பக்க மஞ்சள் வரும்வரை பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். ஆரஞ்சிலேயே அவசரப்பட்டு நீலம் போட்டால் அழுக்குப் பழுப்புதான் வரும். டெவலப்பரில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், 40 என்றால் 12. அந்த நாற்பதைத் தலைத்தோல் பக்கம் நான் கொண்டுபோக மாட்டேன். பதினாறு வயது ஆகாத பிள்ளை கேட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் பிளீச் போடமாட்டேன். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. என் தொழில் சொல்கிறது, செய்கிறேன்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததை ஒருவர் வகுப்பறை வாசலில் நின்று, பேப்பர் வெட்டும் கத்தரியால் சிதைக்கிறார்.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிளஸ் ஒன் படித்த பையன். மதியம் மூன்று மணிக்கு, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு என் கடைக்குள் வந்தான். உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து வெட்டு. பிரேயர் முடிந்து எல்லோரும் பார்க்க வெட்டியிருக்கிறார்கள். தொழில் தெரிந்த எவனும் அப்படி வெட்டமாட்டான். சரிசெய்யவே முடியாதபடி, அசிங்கமாகத் தெரியவேண்டும் என்றே வெட்டிய வெட்டு அது. "மொட்டையே அடிச்சுடுங்கணா" என்றான். கண்ணாடிப் பக்கம் நாற்காலியைத் திருப்ப விடவில்லை. மொட்டை அடித்தேன். பழனிக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள் எத்தனை பேருக்குச் சந்தோஷமாக அடித்திருக்கிறேன்! மனம் வந்து கொடுத்தால் அது காணிக்கை. பிடித்து வைத்துப் பறித்தால், கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றிய அந்தப் பழைய தண்டனையின் மிச்சம். மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்குப் போகவில்லை. கேட்டரிங் வேனில் போகிறான்.

இன்னொருவனுக்கு வேறு விதமான தண்டனை. "நாளைக்கே கருப்பாக்கிட்டு வா" என்று விரட்டினார்கள். பத்து ரூபாய் பாக்கெட் டையை வீட்டிலேயே பூசிக்கொண்டான். பெரும்பாலான கருப்பு டைகளில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது ஆகாது. காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே பூச வேண்டும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். ஒரே ராத்திரியில் கருப்பாக வேண்டும் என்றால் அவன் எங்கே சோதித்துப் பார்ப்பான்? இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்தான். ஒழுக்கம் கற்றுக்கொடுத்தீர்களே, அந்தக் கண்ணுக்கு யார் பதில் சொல்வது?

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் வதைக்கக்கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பட்டியலின, பழங்குடி மக்களைக் கட்டாயப்படுத்தி மொட்டையடிப்பதையும் மீசையை மழிப்பதையும் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. மயிர்தானே என்று சட்டம் நினைக்கவில்லை. அதைப் பறிப்பது ஒரு மனிதனை எங்கே அடிப்பது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில், பங்க் இசை நிகழ்ச்சிக்குக் கூடிய அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் போலீஸ் பிடித்தது. கூராக நிறுத்திய முடியை மழித்தார்கள். குளத்துக்குள் இறக்கிக் குளிக்க வைத்தார்கள். பத்து நாள் 'திருத்தினார்கள்'. ஒருவர்மீதும் வழக்கு இல்லை. மண்டியிட்ட பையன்களின் தலையில் மெஷின் ஓடும் அந்தப் படங்களைப் பார்த்தபோது என் கண் போனது மெஷின் பிடித்த கையின் மேல்தான். இது எங்கள் மெஷின் அல்லவா என்று துடித்தேன்.

இப்போது என் கடைக்கே வந்துவிட்டார்கள். இன்ன இன்ன கட்டிங் வெட்டமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டு ஒரு கடிதம். கலர் அடிக்க வருகிறவன் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வை என்று காக்கிச் சட்டை போட்ட ஒருவர். ஊரில் ஒரு திருட்டு நடந்தால் முதலில் யார் தலையைத் தேடுவது என்று ஒரு பட்டியல் வேண்டுமாம். அதை நான் எழுதித் தர வேண்டுமாம். மால்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு இதே நீலத்தைப் போடும் பார்லர்களிடம் இந்த நோட்டைக் கேட்பீர்களா? அப்பாவிடம், சேரிக்காரனுக்கு வெட்டாதே என்றீர்கள். என்னிடம், சேரிக்காரன் கேட்கிற மாதிரி வெட்டாதே என்கிறீர்கள்.

கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நோட்டும் வைக்கவில்லை. அந்தப் பிளஸ் ஒன் பையனுக்கு முடி மறுபடி வளர்ந்துவிட்டது, படிப்புதான் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முடியை வெட்டியவர் அவன் வீடு தேடி வர வேண்டும். அவன் அம்மாவின் முன்னால் நின்று, தப்பு செய்துவிட்டேன், பையனை நாளைக்கு அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டும். எந்தத் தலையோடு வந்தாலும் வகுப்பில் உட்கார வைப்பேன் என்றும் சொல்ல வேண்டும்.