பெட்டியில் இல்லாத முகம்

சன்-மெய்ட் உலர்திராட்சைப் பெட்டியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். தலையில் சிவப்புத் துணித்தொப்பி, கையில் தட்டு நிறையத் திராட்சை, பின்னால் மஞ்சள் சூரியன். 1982இல் எஸ்தர் எர்னாண்டஸ் அதே பெட்டியைத் திரை அச்சுப் படமாக்கினார். தொப்பி, திராட்சை, சூரியன் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெண் மட்டும் எலும்புக்கூடு. அடியில், வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி வகைகளின் பட்டியல். ‘சன் மேட்’ என்ற இந்தப் படம் சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்) கலையின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது.

எர்னாண்டஸ் 1944இல் கலிபோர்னியாவின் டினுபாவில் பிறந்தவர். பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பெண். அந்தப் பக்கத்தில் திராட்சைக் குலைகளை அறுத்து, கொடி வரிசைகளுக்கு நடுவே காகிதம் விரித்து வெயிலில் காயவைப்பார்கள். தரையோடு குனிந்தே செய்யவேண்டிய வேலை. சொந்த ஊரின் கிணற்று நீரிலேயே பூச்சிமருந்து கலந்திருப்பது தெரியவந்த பிறகுதான் அவர் இந்தப் படத்தைச் செய்தார்.

லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் கலையில் உணவு என்றதும் பலரும் பண்டிகைச் சமையலைத்தான் தேடுகிறார்கள். கார்மன் லோமாஸ் கார்சா வரைந்த, குடும்பமே கூடி உட்கார்ந்து தமாலே எனும் சோளமாவுப் பலகாரம் செய்யும் காட்சி எனக்கும் மிகப் பிடித்தமானது. ஆனால் சமையலறையோடு நின்றுவிடும் பண்பாட்டுப் பெருமை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அந்தச் சமையலை ரசித்து உண்ணும் சமூகத்தால், அதே மக்கள் காய்கனி பறித்து வாங்கும் கூலியைப் பற்றிக் கேட்காமலேயே இருந்துவிட முடிகிறது. இந்தக் கலையின் உண்மையான வலிமை வயலில்தான் இருக்கிறது என்பேன்.

அது பிறந்ததும் வயலில்தான். 1965 செப்டம்பரில் டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சை வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்; சில நாட்களில் சீசர் சாவேசும் டொலோரஸ் உயேர்த்தாவும் நடத்திய மெக்சிகோ வம்சாவளியினரின் சங்கமும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டில் லூயிஸ் வால்தெஸ் சரக்கு லாரிகளையே மேடையாக்கி, தொழிலாளரையே நடிக்கவைத்து, ‘எல் தெயாத்ரோ கம்பெசினோ’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். திராட்சையை வாங்காதீர்கள் என்று நாடெங்கும் கேட்டுக்கொண்ட போராட்டத்துக்குச் சுவரொட்டிதான் வாய். இதையெல்லாம் வெறும் பிரசாரம் என்று ஒதுக்குவோர், பெட்டியில் சிரிக்கும் பெண்ணும் பிரசாரம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்று நார்சிசோ மார்ட்டினெஸ் இன்னும் ஒரு படி போயிருக்கிறார். மெக்சிகோவின் ஒஹாகாவிலிருந்து வந்து, வாஷிங்டன் மாநிலத் தோட்டங்களில் பழம் பறித்துப் படிப்புச் செலவைச் சமாளித்தவர். கடைகளில் தூக்கிப்போடும் பழ அட்டைப்பெட்டிகளைச் சேகரித்து, அவற்றின் மேலேயே கரியாலும் மையாலும் தொழிலாளர்களை வரைகிறார். நிறுவனத்தின் பெயரும் வண்ணப் படமும் மறையாமல் தெரியும். அவற்றினூடே, தூசுக்கும் மருந்துக்கும் பயந்து துணியால் முகத்தை மூடிய ஒருவர் நம்மைப் பார்ப்பார். சில படங்களில் தேவாலயப் புனிதர்களுக்குப் பூசுவதுபோலத் தங்கத்தாளும் உண்டு.

‘சன் மேட்’ இப்போது வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. அதே நகரில் 1938இல் இயற்றிய கூட்டாட்சித் தொழிலாளர் சட்டமோ, பண்ணைத் தொழிலாளருக்குக் கூடுதல் நேர ஊதிய உரிமையைத் தரவில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டு அதைக் கொடுத்துள்ளன. மற்ற மாநிலங்களில் பறிப்பவர்களுக்கும் அது கிடைக்க, நாடாளுமன்றம் அந்த விலக்கை நீக்கியாக வேண்டும்.