மடை யார் கையில்?

மரக்காணம் உப்பளத்தில் மடை அடைபட்டால் பாத்தி இருந்தும் பயனில்லை. உப்பு வாரும் ஆணும் பெண்ணும் இதை அறிவர். மில் வாயிலில் போனஸ் கூட்டம் என்றாலும், வயல்வெளியில் கூலிப் போராட்டம் என்றாலும், இன்று செய்தி முதலில் போவது கைபேசியில்தான். அந்தச் செய்தி ஓடும் மடையோ, அமெரிக்காவின் சில ஏகபோகக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது.

2021 ஜனவரி 6 அன்று, தேர்தலில் தோற்ற டிரம்பின் ஆதரவாளர்கள் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டிடத்தில் புகுந்து வெறியாட்டம் ஆடினர். அவர்களில் பலர் புழங்கிய ‘பார்லர்’ என்ற சமூக ஊடகத்தை, மூன்று நாட்களுக்குள் கூகுளும் ஆப்பிளும் தங்கள் செயலிக் கடைகளிலிருந்து நீக்கின. அதற்குக் கணினிகளை வாடகைக்கு விட்டிருந்த அமேசான் இணைப்பையே துண்டித்தது. பார்லர் படுத்துவிட்டது.

வன்முறைப் பேச்சை அது தடுக்கவில்லை என்பது கம்பெனிகள் கூறிய காரணம். உண்மைதான், கொலை மிரட்டல்கள் அங்கே மலிந்து கிடந்தன. அந்தக் கும்பலுக்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் வடிக்கப் போவதில்லை. ஆனால் மிரட்டல்களைப் பல வாரங்களாகவே சுட்டிக்காட்டி வந்ததாக அமேசானே எழுதியது. அத்தனை வாரமும் வாடகை மட்டும் கசந்ததா? நாடாளுமன்றத்திற்குள் ரத்தம் சிந்தியது, உலகமே காறி உமிழ்ந்தது, சொந்த ஊழியர்களில் ஒரு பகுதியினரே துண்டிக்கச் சொன்னார்கள், இரண்டு வாரத்தில் புதிய சர்க்கார் பதவியேற்க இருந்தது. அதன் பிறகே முதலாளிகளுக்கு மனச்சாட்சி விழித்தது!

நம் நாட்டில் அது எப்படித் தூங்கியது என்பதையும் பாருங்கள். தெலங்கானா பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் ராஜா சிங்கின் வெறுப்புப் பேச்சின் மீது நடவடிக்கை எடுத்தால் வியாபாரம் கெடும் என்று பேஸ்புக்கின் இந்திய அதிகாரி தடுத்ததாக, 2020 ஆகஸ்டில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ அம்பலப்படுத்தியது. அம்பலமான பின்னரே, செப்டம்பரில் அவருக்குத் தடை வந்தது.

டில்லி எல்லையில் குளிரில் கிடந்த விவசாயிகளுக்கோ இந்தப் பொறுமை காட்டப்படவில்லை. 2020 டிசம்பர் 20 அன்று கிசான் ஏக்தா மோர்ச்சாவின் பேஸ்புக் பக்கம் திடீரென மறைந்தது. கூச்சல் எழுந்ததும் சில மணி நேரத்தில் திரும்பியது. இயந்திரம் தவறாகக் கணித்துவிட்டதாம்! 2021 பிப்ரவரி 1 அன்று, மத்திய சர்க்காரின் உத்தரவுப்படி, அதே அமைப்பின் கணக்கு உட்படச் சுமார் 250 கணக்குகளையும் பதிவுகளையும் டுவிட்டர் முடக்கி, அன்றிரவே விடுவித்தது. சில நாட்களில் மேலும் பல நூறு கணக்குகளை முடக்கியது.

வெறுப்புப் பேச்சை ஒடுக்கத்தான் வேண்டும். ஆனால் எது வெறுப்பு, எது கூலி கேட்கும் குரல் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை லாபக் கணக்கிடமோ, அமைச்சரக அறைகளின் ரகசியத்திடமோ விடுவதற்கில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும் முடக்க உத்தரவுகளை 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆம் விதி ரகசியமாக்கி வைத்திருக்கிறது. அந்த விதியை ரத்து செய்ய வேண்டும். முடக்கும் கம்பெனியும் சர்க்காரும் உத்தரவையும் காரணத்தையும் எழுத்தில் வெளியிட்டு, முடக்கப்பட்டவர் பதில் கூற அவகாசம் தர வேண்டும்.