இடது மரை

சைக்கிள் பெடல் கழலவே மாட்டேன் என்கிறது என்று யாராவது வந்து சொன்னால், எந்தப் பக்கத்துப் பெடல் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் இடது என்றே பதில் வரும். எப்படித் திருப்பினீர்கள் என்று கேட்டால் வாய் பேசாது. கை தானாக இடப்பக்கம் சுழன்று காட்டும். ஊரில் உள்ள நட்டு, போல்ட்டு, பாட்டில் மூடி எல்லாம் அப்படித்தானே திறக்கிறது? இடது பெடல் மட்டும் அப்படித் திருப்பினால் இன்னும் இறுகும். அதற்கு இடது மரை. ஆள் பலசாலியாக இருந்தால் கேடு இரட்டிப்பு.

இது யாரோ விளையாட்டுக்குச் செய்த ஏற்பாடு அல்ல. மிதிக்கும்போது காலின் அழுத்தம் எப்போதும் கீழ்நோக்கித்தான் இருக்கிறது. பெடல் மாட்டியிருக்கும் கிராங்கு சுற்றுவதால், கிராங்கின் துளைக்குள் இருக்கும் பெடல் அச்சுக்கோ அந்த அழுத்தம் தன்னைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எவ்வளவு முடுக்கினாலும் மரைக்கும் மரைக்கும் நடுவே மயிரிழை இடம் இருக்கும். அழுத்தம் ஒரு பக்கமாகச் சுற்ற, அச்சு அதற்கு எதிர்ப் பக்கமாகத் துளி துளியாக உருளும். நம்ப முடியாவிட்டால், ஒரு பேனாவை இடக்கை முஷ்டிக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மேல்நுனியை வலக்கையால் வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பேனா உள்ளே எதிர்த்திசையில் உருள்வது தெரியும். இரண்டு பக்கமும் சாதாரண மரையே போட்டிருந்தால் இடது பெடல் ஓட ஓடக் கழன்று ஒருநாள் ரோட்டில் விழும். விமானம் விட்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன்பு அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1900-இல் அவர்கள் விற்ற வான் கிளீவ் சைக்கிளின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டது, இந்தக் கழலாத பெடலைத்தான். விமானம் பறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து.

இடப்பக்கம், வலப்பக்கம் என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. குனிந்து, நிமிர்ந்து, உட்புறமிருந்து பார்க்கும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். இரண்டு பெடலுக்கும் பொதுவான வழி ஒன்று இருக்கிறது. கிராங்கை முன்சக்கரத்தைப் பார்த்துப் படுக்க வையுங்கள். ஸ்பேனரை அதன் கைப்பிடி பின்சக்கரத்தைப் பார்க்கும்படி மாட்டுங்கள். கீழே அழுத்துங்கள். எந்தப் பக்கமானாலும் அதுதான் கழலும் திசை. சில பெடல்களுக்கு ஸ்பேனர் போட இடமிருக்காது. கிராங்கின் உட்புறமிருந்து 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஆலன் கீ போட வேண்டியிருக்கும். அப்போதும் இந்த வழி மாறாது.

திசை சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் அது வேறு கதை. நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊரில் அந்தக் கதை அதிகம். துரு என்பது இரும்பைத் தின்பது மட்டுமல்ல, தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதும்கூட. மரைக்குள் உண்டான துரு வீங்கி, ஆப்பு அடித்ததுபோல நிற்கும். கியர் சைக்கிள் பலவற்றில் கிராங்கு அலுமினியம், பெடல் அச்சு எஃகு. இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீரோ வியர்வையோ இறங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்துக் கெட்டியாகிவிடும். விலை கூடிய சைக்கிளுக்குத்தான் இந்த வியாதி வலுவாக வரும் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடை. இடது பெடலோடு வாரமெல்லாம் மல்லுக்கட்டித் தோற்ற ஒரு கல்லூரிப் பையன் தன் பழைய இருபத்திரண்டு இஞ்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் ஸ்க்ரூ ஸ்பேனர். கடைக்காரர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு நாளும் இறுக்கிக்கிட்டு இருந்தீங்களா?"

"இல்லண்ணே, கழட்டத்தான் பாத்தேன்."

"அதத்தான் சொல்றேன்."

அவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. உடைந்த ரம்பத் துண்டால் மரை ஓரத்து மண்ணைச் சுரண்டினார். சைக்கிளைப் பெடல் பக்கம் தரையில் படும்படி சாய்த்துப் போட்டு, கிராங்கின் உட்புறத்தில் மரை முடிகிற இடத்தில் எண்ணெய்க் குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டார். வெளிப்பக்கம் விட்டால் வழிந்துதான் போகும். உட்பக்கம் விட்டால் மரை வழியாக இறங்கும். பிறகு போய் வேறு ஒரு ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டினார். பையன் நெளிந்துகொண்டு நின்றான். திரும்பி வந்து, கிராங்கின் துளையுள்ள முனைக்குக் கீழே ஒரு கனத்த இரும்பை முட்டுக் கொடுத்து, மேலே சின்னச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். மறுபடியும் எண்ணெய். மறுபடியும் பஞ்சர் வேலை.

அவருடைய பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். கடையில் வாங்குகிற ஸ்பேனர் தடிமன் அதிகம். பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவில் நுழையாது. அவர் அதன் வாயைச் சாணைக்கல்லில் பிடித்து மெலிதாக்கி வைத்திருந்தார். அதன் வாலில் ஒரு முழ நீளத் தண்ணீர்க்குழாய்த் துண்டைச் செருகினார். பையனை மறுபக்கப் பெடலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உள்ளங்கையால் ஒரே அமுக்கு. டொக் என்று ஒரு சத்தம். பையன் முகம் வெளுத்தது. உடைந்தே போனது என்று நினைத்திருப்பான். உடைந்தது துருதான். அதற்கப்புறம் விரலாலேயே சுற்றி எடுத்தார்.

ஸ்க்ரூ ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை. பெடல் அச்சில் ஸ்பேனர் பிடிக்க இரண்டே இரண்டு தட்டையான பக்கம்தான் இருக்கிறது. தளர்ந்த வாயால் நாலு முறை வழுக்கவிட்டால் அவை உருண்டு போகும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. பெடலின் கூடு, ரப்பர், பால்ரஸ் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மொட்டை அச்சைப் பைப் ரிஞ்சால் பிடிக்க வேண்டியதுதான். பெடல் போயிற்று, கிராங்காவது பிழைக்கும்.

எண்ணெய்க்கும் அசையாததற்குச் சூடு. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் அலுமினியக் கிராங்கின் முனையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு உடனே திருப்பினால் பல சமயம் இளகிவிடும். இரும்பில் இரும்பு சிக்கியிருந்தால் இந்த வசதி கிடையாது. அங்கே கிராங்கைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னைத் தட்டி எடுத்து, கிராங்கையே கழற்றி, பெடல் அச்சின் தட்டையைப் பட்டறை வைஸில் கடிக்க வைத்து, கிராங்கை நெம்புகோலாக்கிச் சுற்றுவதுதான் வழி. ஸ்பேனரைவிட வைஸின் பிடி பலமடங்கு உறுதி. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அதைத் தலைக்கே வைத்துக்கொள்ளலாம்.

மாட்டும்போது அச்சின் முனையில் ஆர் அல்லது எல் என்று பொறித்திருப்பதைப் பாருங்கள். முதல் நாலு சுற்று விரலால் மட்டுமே ஏற வேண்டும். விரலுக்கு ஏறாததை ஸ்பேனரால் ஏற்றினால், பக்கம் மாறிய எஃகு அச்சு அலுமினிய மரையைச் சீவிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு புதுக் கிராங்குதான்.

புது சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைப்படி இறங்கும் முன்பே இரண்டு பெடலையும் கழற்றி, மரையில் ஒரு விரல் கிரீஸ் தடவி மாட்டித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நகராதீர்கள். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை பள்ளியிலிருந்து விலையில்லா சைக்கிள் ஓட்டி வந்தால், அந்த வார ஞாயிற்றுக்கிழமையே இந்த வேலையைச் செய்துவிடுங்கள். இடது பெடலை அந்தப் பிள்ளையே கழற்றட்டும்.