முத்துநகருக்கு டைடல் பார்க் மட்டும் போதுமா?

இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து எங்கே உருவானது தெரியுமா? தூத்துக்குடி பக்கத்தில் உள்ள வேப்பலோடையில். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானி கே.அழகர்சாமி 1973-ல் இதைச் சாதித்தார். 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்யும் நுட்பமும் தூத்துக்குடியில் கைகூடியது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத கடற்கரைக்கு இது பெரிய வாய்ப்பு.

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. முத்து வளர்ப்பு ஏன் இங்கே பெரிய தொழிலாகவில்லை?

எங்கே சறுக்கியது?

இயற்கையும் ஒரு காரணம். ஜப்பானில் இருப்பதுபோல அலை அடங்கிய விரிகுடாக்கள் இங்கே குறைவு. சிப்பியும் சிறிது, முத்தும் சிறிது. ஆனால் அது மட்டுமே காரணமில்லை. ஜப்பானில் 1893-ல் முத்து வளர்த்துக் காட்டிய மிகிமோட்டோ, 1899-லேயே டோக்கியோவின் கின்சா பகுதியில் கடை திறந்துவிட்டார். நுட்பமும் சந்தையும் கைகோத்தன. இங்கே 1980-களில் மாநில மீன்வளர்ச்சிக் கழகமும் ஸ்பிக்கும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கின. அதைச் சுற்றிப் பத்து நிறுவனங்கள் முளைக்கவில்லை.

பெங்களூரு மட்டும் எப்படி?

1909-ல் இந்திய அறிவியல் கழகம். 1940-ல் ஹெச்.ஏ.எல். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். ஐடி அலை வருவதற்கு முன்பே முக்கால் நூற்றாண்டு அடித்தளம் இருந்தது. அங்கே ஒரு கம்பெனியில் கற்றவர், அதே ஊரில் அடுத்த கம்பெனிக்குப் போகலாம், சொந்தமாகவும் ஒன்று தொடங்கலாம். கற்றது ஊரைவிட்டுப் போகாது.

இப்போ என்ன செய்யணும்?

தூத்துக்குடிக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல். அதே ஆண்டு டிசம்பரில் மினி டைடல் பார்க். 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை. எல்லாமே நல்ல செய்திதான். ஆனால் கட்டிடமும் அடிக்கல்லும் பாதி வேலை மட்டுமே.

மீதிப் பாதி கல்லூரிகளில் இருக்கிறது. 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி, வ.உ.சி. பெயரிலான பொறியியல் கல்லூரி, துறைமுகம், புதிய ஆலைகள் — இவை ஒன்றோடொன்று பேச வேண்டும். மாணவருக்கு உள்ளூரிலேயே இன்டர்ன்ஷிப், ஆலையின் சிக்கலுக்கு உள்ளூர் ஆய்வகத்தில் தீர்வு, படித்த இளைஞர் தொடங்கும் சிறு நிறுவனத்துக்கு முதல் ஆர்டர். இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டியது அரசின் பொறுப்பு.

எத்தனை சதுர அடி, எத்தனை கோடி என்பதெல்லாம் அப்புறம். இங்கே முதல் வேலையை விட்டவருக்கு இரண்டாவது வேலையும் இங்கேயே கிடைக்குதா? அதுதான் உண்மையான அளவுகோல். கிடைக்காத வரைக்கும், தூத்துக்குடியின் படித்த தலைமுறையை முத்துநகர் எக்ஸ்பிரஸ் தினமும் ராத்திரி சென்னைக்கு ஏற்றிக்கொண்டுதான் போகும்.